76 நாட்கள், 9,000 கேள்விகள்: ஈக்விஃபேக்ஸ் திருட்டில் 'லாக்' பதிவுகள் சொன்னது என்ன?

அமெரிக்காவின் பெரிய கிரெடிட் ஸ்கோர் நிறுவனங்களில் ஒன்று ஈக்விஃபேக்ஸ். 2017 மே மாதம் அதன் சர்வருக்குள் நுழைந்த திருடர்கள், 76 நாட்கள் உள்ளேயே உலாவினார்கள். அங்கிருந்த 48 டேட்டாபேஸ்களிடம் சுமார் 9,000 கேள்விகள் கேட்டார்கள். அதில் 265 முறை, பூட்டுப் போடாத தனிநபர் தகவல்கள் அவர்கள் கையில் சிக்கின. பாதிக்கப்பட்டவர்கள் 14 கோடிக்கும் மேல்.

இவ்வளவும் நடந்தபோது ஒருவருக்குமா சந்தேகம் வரவில்லை?

'க்வெரி லாக்' என்றால் என்ன?

பேங்க் ஆப்பைத் திறந்து பேலன்ஸ் பார்க்கிறீர்கள். பின்னால் அந்த ஆப், "இந்த அக்கவுண்டில் எவ்வளவு இருக்கிறது?" என்று டேட்டாபேஸிடம் கேட்கிறது. இந்தக் கேள்விக்குத்தான் 'க்வெரி' என்று பெயர். யார் கேட்டது, எப்போது கேட்டது, எந்த அட்டவணையைத் தொட்டது, எவ்வளவு நேரம் பிடித்தது என்று வரி வரியாக எழுதி வைப்பது 'க்வெரி லாக்'.

அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி வைத்திருக்கும் நோட்டு மாதிரிதான் இதுவும். தினமும் எழுதுவார்கள். யாரும் படிக்க மாட்டார்கள். வீட்டில் நகை காணாமல் போனால்தான் அந்த நோட்டைத் தேடுவார்கள்.

திருடன் கேட்கும் கேள்வி எப்படி இருக்கும்?

ஒரு மென்பொருள் கேட்கும் கேள்விகள் சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி இருக்கும். பெயரும் எண்ணும்தான் மாறும், கேள்வியின் அமைப்பு மாறாது. அதனால் லாக்கை ஆராய்பவர்கள் முதலில் பெயர், எண் போன்றவற்றைக் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் அமைப்பை வைத்துக் கேள்விகளைக் கட்டுக்கட்டாகப் பிரிப்பார்கள். லட்சக்கணக்கான வரிகள் சில நூறு கட்டுகளுக்குள் அடங்கிவிடும். நேற்றுவரை இல்லாத ஒரு கட்டு இன்று தலைகாட்டினால், அங்கேதான் கண் போக வேண்டும்.

ஈக்விஃபேக்ஸில் புகுந்தவர்களுக்கு அந்த வீட்டின் அறைகள் தெரியாது. டேட்டாபேஸின் அமைப்பைக் கண்டுபிடிக்கவே பல வாரங்கள் க்வெரிகளை ஓட்டியதாக அமெரிக்க நீதித்துறை சொல்கிறது. இத்தனைக்கும் அவர்கள் நுழைந்தது, வாடிக்கையாளர்கள் புகார் பதிவு செய்யும் ஒரு இணையதளம் வழியாக. புகாரைப் பார்க்க வேண்டிய ஒரு சிஸ்டம், தனக்குச் சம்பந்தமே இல்லாத டேட்டாபேஸ்களில் போய்த் துழாவுவது எந்தக் கணக்கிலும் வழக்கமான வேலை கிடையாது.

அப்போ ஏன் பிடிபடவில்லை?

முதல் காரணம் கேட்டால் சிரிப்பு வரும். நெட்வொர்க்கில் போய்வரும் தகவல்களைப் பிரித்துப் பார்க்கும் கருவி ஒன்று அங்கே இருந்தது. அதற்கான டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி 19 மாதங்கள் ஆகியிருந்ததாக அமெரிக்க நாடாளுமன்றக் குழு அறிக்கை சொல்கிறது. கருவிக்குக் கண் தெரியவில்லை. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்ததும் சந்தேகமான போக்குவரத்து தெரிந்துவிட்டது. மறுநாள் அந்தத் தளம் மூடப்பட்டது.

இன்னொன்று, திருடர்களின் கவனம். வழக்கமான போக்குவரத்தோடு கலந்து, தகவல்களைச் சுருக்கிச் சிறு துண்டுகளாக வெளியே எடுத்தார்கள். நீதித்துறையின் குற்றச்சாட்டுப்படி, தினமும் லாக் ஃபைல்களையும் அழித்தார்கள். லாக்கின் மதிப்பு நிறுவனத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரியில், சீன ராணுவத்தைச் சேர்ந்த 4 பேர் மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது. சீனா இதை மறுத்தது.

எண்ணிக்கை ஏன் மாறிக்கொண்டே வந்தது?

திருட்டு நின்ற பிறகுதான் லாக்கை ஆராயும் வேலை மும்முரமானது. மிச்சமிருந்த பதிவுகளை வைத்து, திருடர்கள் ஓட்டிய க்வெரிகளைத் திரும்ப உருவாக்கி, அவற்றுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று பார்த்தார்கள்.

2017 செப்டம்பரில் நிறுவனம் சொன்ன எண்ணிக்கை 14.3 கோடி. அக்டோபரில் 14.55 கோடி ஆனது. 2018 மார்ச்சில் மேலும் 24 லட்சம் பேர் சேர்ந்தார்கள். காரணம் இதுதான்: அதுவரை சமூகப் பாதுகாப்பு எண்ணை வைத்தே ஆட்களை அடையாளம் கண்டார்கள். இந்த 24 லட்சம் பேரின் பெயரும், ஓட்டுநர் உரிம விவரத்தில் ஒரு பகுதியும் மட்டுமே போயிருந்தன. அந்த எண் போகவில்லை. அதனால் முதல் கணக்கில் விடுபட்டார்கள். தங்கள் தகவல் திருடு போனதே தெரியாமல் அவர்கள் மாதக்கணக்கில் இருந்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டால் போதாதா?

அது அவ்வளவு எளிதில்லை. ஒவ்வொரு க்வெரியையும் எழுதினால் சர்வர் மெதுவாகும், டிஸ்க் நிரம்பும். அதனால் மைஎஸ்கியூஎல் மென்பொருளில் முழு லாக் வசதி ஆரம்பத்தில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். பல இடங்களில் 'ஸ்லோ க்வெரி லாக்' மட்டும் ஓடும். அதன் இயல்பான எல்லை 10 விநாடி. அதைத் தாண்டும் கேள்விகளை மட்டுமே எழுதும். அரை விநாடியில் வேலையை முடிக்கும் திருடன் அதில் சிக்கவே மாட்டான். அது வேகத்தைக் கண்காணிக்க வந்த கருவி, காவலுக்கு வந்தது இல்லை.

லாக்கே ஆபத்தாகவும் மாறலாம். 2018 மே மாதம் ட்விட்டரில், பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமல் உள் லாக்கில் பதிவாகியிருந்தது தெரியவந்தது. 33 கோடிக்கும் மேற்பட்ட பயனாளர்களிடம் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது அந்த நிறுவனம்.

இந்தியாவில் என்ன விதி?

கணினி சிஸ்டங்களின் லாக்கை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டது. 2025 நவம்பரில் வெளியான தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் ஒரு படி மேலே போய், லாக்கை ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. வைத்திருப்பதோடு, கண்காணிக்கவும் ஆய்வு செய்யவும் வேண்டும் என்ற வார்த்தைகளும் அதில் இருக்கின்றன. நிறுவனங்கள் தயாராக 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அதாவது, 2027 மே மாதம் வரை இந்தக் கட்டாயம் கிடையாது.