எச்சரிக்கையும் வேலைவாய்ப்பும் சேர்ந்தே வேண்டும்

கத்திக்குத்துக்குப் பேர்போன ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2005-ல் காவல்துறையே வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. வன்முறையை நோயைப் போல வருமுன் தடுக்கலாம் என்பது அதன் அடிப்படை. 2008 முதல் கிழக்குப் பகுதி இளைஞர் கும்பல்களை நீதிமன்றத்துக்கே அழைத்து, பிள்ளையைப் பறிகொடுத்த தாயையும் காயங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரையும் அவர்கள் முன் பேசவைத்தார்கள். கத்தியை விட்டால் படிப்புக்கும் வேலைக்கும் உதவி. விடாவிட்டால் கும்பல் முழுவதன் மீதும் நடவடிக்கை. இதைக் குற்றவாளிகளுக்குக் காட்டும் சலுகை என்பவர்கள் அந்த இரண்டாம் பாதியைக் கவனிப்பதில்லை.

2005-ஐ அடுத்த பத்தாண்டில் ஸ்காட்லாந்தில் கொலைகள் பாதிக்கும் கீழே குறைந்தன. கடுமையாக்கப்பட்ட தண்டனைகளுக்கும் அதில் பங்கு இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் சிறையிலிருந்து வெளிவரும் பையன் அதே தெருவுக்குத்தான் திரும்புகிறான். அங்கே நம்பி வேலை தர ஆள் இல்லையென்றால், பழைய கும்பல்தான் அவனைச் சேர்த்துக்கொள்ளும்.