ஐ7 என்ற பெயரும் ஏமாற்றும் எண்களும்

கல்லூரியில் காலெடுத்து வைத்த மகன், படிக்கவும் விளையாடவும் ஏற்ற கணிப்பொறி ஒன்று கேட்கிறான். கடைக்காரரோ, “ஐ7 செயலி, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ்” என்று எழுதிய சீட்டை நீட்டுகிறார். பெயர் பெரிது, விலையோ சிறிது. பெற்றோரே, சற்றுப் பொறுங்கள்.

ஐ7 என்பது ஒரு வரிசையின் பெயரேயன்றித் தனியொரு செயலியின் பெயரன்று. 2011-இல் வெளிவந்த கோர் ஐ7-2600-உம் ஐ7 தான். 2022-இல் வந்த கோர் ஐ3-12100எஃப் அதைப் போலவே நான்கு மையங்கள் கொண்டதாயினும், வேகத்தில் அதனை வெகுதூரம் பின்தள்ளிவிடும். கிராபிக்ஸ் அட்டையின் கதையும் இஃதே. 2014-இன் ஜிடி 730 அட்டையிலும் 4 ஜிபி பொருத்தி விற்றார்கள். ஊற்று வற்றிய கிணற்றுக்குக் குடம் பெரிதாயிருந்து என்ன பயன்?

விளையாட்டின் காட்சிகளை நொடிக்கு அறுபது முறை தீட்டித் தருவது கிராபிக்ஸ் அட்டையே. ஆதலின் செலவின் பெரும்பங்கு அதற்கே உரியது. சாதாரண 1080 அளவுத் திரைக்கு, 2021-இல் வந்த 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 போன்ற ஓர் அட்டை போதும். அதற்கு மேல் தேடுவது, நம் போன்ற குடும்பங்களுக்கு ஆடம்பரமே. அதனுடன் மேற்சொன்ன ஐ3 அல்லது ஆறு மையங்களுள்ள ரைசன் 5 5600 நன்கு இணங்கும். அட்டை வாங்க இப்போது இயலாதெனில், கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த ரைசன் 5 5600ஜி வாங்கி, எளிய விளையாட்டுகளோடு நிறுத்திக்கொண்டு, அட்டையைப் பின்னர்ச் சேர்க்கலாம். ‘ஜி’ இல்லாத 5600-இலும், ‘எஃப்’ உள்ள இன்டெல் செயலியிலும் அவ்வசதி இல்லை. தனி அட்டையின்றித் திரையில் ஒன்றும் தோன்றாது.

ராம் ஒரே 16 ஜிபியாக வேண்டா. இரண்டு 8 ஜிபியாக வாங்குக. இரு வழியில் தரவு பாய்வதால் வேகம் கூடும். செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் 2025-இன் இறுதியில் ராம் விலை மிகவும் ஏறிற்று. ஆகவே வீட்டில் பழைய டிடிஆர்4 இருப்பின், அதை ஏற்கும் மதர்போர்டையே தேடுவது சிக்கனம். டிடிஆர்5 பலகையில் அது பொருந்தாது.

இனி, பலரும் பொருட்படுத்தாத எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டுடன் இலவசமாய் வருவதை நம்பலாகாது. ஒன்றில் 450 வாட் என அச்சிட்டிருக்கும். பக்கத்துச் சீட்டில் 12 வோல்ட்டுக்கு எதிரே 18 ஆம்பியர் என்றிருக்கும். பெருக்கிப் பாருங்கள்: 216 வாட் மட்டுமே! ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட், 5600-க்கு 65 வாட் என்றால் 197 ஆயிற்று. விசிறிகளும் பிறவும் எதைக் கொண்டு ஓடும்? மட்டமான எஸ்.எம்.பி.எஸ். தான் கெடும்போது அட்டையையும் பலகையையும் உடன் கெடுத்துவிடக்கூடும். ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரச் சிக்கனத்துக்கே சான்று, பாதுகாப்புக்கன்று. எனினும் அதுவுமில்லாததைத் தொடவேண்டா. பெயர் பெற்ற நிறுவனத்தின் 550 வாட் ஒன்று போதுமானது. பணம் போதவில்லையெனில் வண்ண விளக்குகளையும் கண்ணாடிக் கேபினெட்டையும் விட்டுவிடலாம். மகன் முகம் சற்று வாடும், பாதகமில்லை.

உத்தரவாதக் காலம் பாகத்திற்குப் பாகம் வேறுபடும். ஆதலால் ஒவ்வொன்றின் முழுப் பெயரையும் மாதிரி எண்ணையும் பில்லில் தனித்தனியே எழுதித் தரும் கடையிலேயே வாங்குங்கள்.