பட்டுப்புழுவுக்கு ஒரு வங்கி



ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பட்டுப்புழு புதிதல்ல. மல்பெரி இலையை அது கொறிக்கும் சத்தம், மழை தூறுவதுபோல் கேட்கும். அந்தப் புழுக்களுக்கு ஓசூரிலேயே ஒரு 'வங்கி' இருப்பது தெரியுமா? மத்திய பட்டு வாரியம் 1990-ல் தொடங்கிய மரபு வள மையம் அது. நூற்றுக்கணக்கான பட்டுப்புழு இனங்களும், ஆயிரத்துக்கு மேற்பட்ட மல்பெரி வகைகளும் அங்கே காக்கப்படுகின்றன.

"நிறைய நூல் தரும் இனம் மட்டும் போதாதா?" என்று கேட்பீர்கள். வெள்ளைக் கூடு கட்டும் உயர் இனங்களில், ஒரே கூட்டில் சுமார் ஆயிரம் மீட்டர் இழை கிடைக்கும். பழைய மைசூர் இனம் தருவதோ அதில் பாதிகூட இல்லை. ஆனால், அது வெயிலையும் நோயையும் தாங்கும். இரண்டையும் சேர்த்து உருவாக்கிய கலப்பினம்தான் நம் விவசாயிகளுக்குப் பல காலம் கைகொடுத்தது. மட்டமான இனம் என்று மைசூர் புழுவை அன்றே கைவிட்டிருந்தால்?

விதையைப்போல் டப்பாவில் போட்டு மூடிவைக்கவும் முடியாது. மைசூர் இனத்தின் முட்டை பத்துப் பன்னிரண்டு நாளில் பொரித்துவிடும். ஆண்டுக்குப் பல முறை வளர்த்தே தீர வேண்டும். காட்டில் விட்டுவிடலாமா? பாவம், அதன் அந்துப்பூச்சிக்குப் பறக்கவே முடியாது! வளர்ப்பை நிறுத்தினால் இனமே அற்றுப்போகும். இந்த வேலைக்கான பணத்தை எந்த அரசும் குறைக்கக் கூடாது என்பது நம் கருத்து.

பெங்களூருக்குச் சுற்றுலா போகும் ஓசூர்ப் பள்ளிகள், அனுமதி கேட்டு ஒருநாள் இங்கேயும் பிள்ளைகளை அழைத்துப் போகலாமே!

- ஆசிரியர்