ஓடுகளத்தில் ஒரு மௌனம்

ஒலிம்பிக் போட்டியில் மாரத்தான் ஓடப் பெண்கள் 1984 வரை காத்திருக்க நேர்ந்தது. ஓடுவதற்கென அவர்களுக்கு ஓர் உள்ளாடை பிறந்ததும் அதற்கு ஏழாண்டுகள் முன்னர்தான். 1977-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஓடும்போது ஏற்பட்ட வலிக்குத் தீர்வு தேடிய லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் ஆகிய மூவரும், ஆண் வீரர்கள் அணியும் காப்பு உள்ளாடைகள் இரண்டை இணைத்துத் தைத்தனர். இன்றைய ஸ்போர்ட்ஸ் பிராவின் முன்னோடி அதுவே.

மார்பகத்தில் தசை இல்லை. தோலும் மெல்லிய இணைப்புத் திசுக்களுமே அதனைத் தாங்குகின்றன. ஓடும்போது அது மேலும் கீழுமாக மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் அசைகிறது. அதனால் எழும் வலி ஓடுபவரின் பலவீனமன்று.

தாங்கும் பணியில் பெரும்பங்கு தோள்பட்டிகளுக்கு அன்று, மார்பின் கீழ் சுற்றிவரும் பட்டைக்கே உரியது. கைகளை உயர்த்தினாலும் அது மேலேறக் கூடாது. இரு விரல்கள் நுழையும் இடைவெளி போதும். பெரிய மார்பகம் உடையோருக்கு, வெறுமனே அழுத்தும் வகையைவிடத் தனித்தனிக் கிண்ணங்கள் கொண்டதே பெரும்பாலும் பொருந்தும். வாங்குமுன் அணிந்து, நின்ற இடத்திலேயே ஓடிப் பார்ப்பது நல்ல சோதனை. பட்டை நெகிழ்ந்தபின் அதனை மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவு எளிய செய்தியும் நம் மாணவியர் பலரை எட்டுவதில்லை. வீட்டில் கேட்கக் கூச்சம். பள்ளியில் சொல்லத் தயக்கம். வயிற்றுவலி என்று கூறி மைதானத்தின் ஓரத்தில் அமரும் சிறுமியின் உண்மைக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். விளையாட்டுக் காலணிக்கு நிதி ஒதுக்கும் பள்ளிகள் இதனையும் அந்தப் பட்டியலில் சேர்க்கட்டும். ஓடுகளம் அவளுக்கும் உரியது.