நின்றுபோன பெனல்டியும் தோட்டத்து மைதானமும்

மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் இடையிலான உதைபந்தாட்டப் போட்டியை இனி நடத்தவே கூடாது என்ற பேச்சு, தீபாவளி முடிந்ததிலிருந்து லயத்துக்கு லயம் நடக்கிறது. மைதானத்தை இனி விளையாட்டுக்குக் கொடுப்பதில்லை என்று தோட்ட நிர்வாகமும் அறிவித்தல் பலகையில் கடிதம் ஒட்டிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு "நல்லதுதான்" என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். நல்லதில்லை என்பதே எமது கருத்து. ஆனால் அதற்கு முன், நாம் எந்தப் பக்கம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நாம் கீழ்ப்பிரிவு. பிறந்தது கீழ்ப்பிரிவு லயத்தில், அன்று கத்தித் தொண்டை கட்டியதும் கீழ்ப்பிரிவுக்காகத்தான்.

வராதவர்களுக்காக ஆட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பையன்கள் தீபாவளிக்கு வந்து இறங்கினால்தான் இரண்டு பிரிவுக்கும் அணி சேரும். முதல் பாதியில் நாம் ஒரு கோல் போட்டோம். கோர்னரிலிருந்து வந்த பந்து யார் தலையில் பட்டு உள்ளே போனது என்பதற்கு இன்றுவரை மூன்று பேர் உரிமை கோருகிறார்கள். இரண்டாம் பாதி தொடங்கியதும் மேற்பிரிவு ஒன்று திருப்பிப் போட்டது. நல்ல கோல்தான், வயிறு எரிந்தாலும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு மூச்சு விட முடியவில்லை. எமது மைதானத்தின் கீழ்ப்பக்கம் வேலி கிடையாது. வெளியே போகும் பந்து தேயிலைக்குள் உருண்டு கானில் போய்த்தான் நிற்கும். எடுக்க ஓடும் பையன் எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்து, பந்து உடனே கிடைக்கும் அல்லது கிடைக்கவே கிடைக்காது. நாலரை மணிக்குப் பனிமூட்டம் வேறு இறங்கியது. மேட்டில் எமக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி இருந்தார். மகளை மேற்பிரிவில் கட்டிக் கொடுத்தவர். பேரன் மேற்பிரிவுக்கு ஆடுகிறான், மகன் எமது கோல் காப்பாளர். பந்து எந்தப் பக்கம் போனாலும் "ஐயோ, முருகா" என்றுதான் அவரால் கத்த முடிந்தது.

எட்டு நிமிடம் இருக்கும்போது பெனல்டி. எமது பையனின் கையில் பந்து பட்டது என்றார் மத்தியஸ்தர். நாம் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது தோள். மேற்பிரிவார் நின்ற இடத்திலிருந்து கை. இரண்டு தரப்பும் மாரியம்மன் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்யத் தயார். பந்தை வைத்தவன் அந்தப் பாட்டியின் பேரன்தான். "மாமா, எந்தப் பக்கம் போடட்டும்?" என்று கோல் கம்பத்தைப் பார்த்துக் கேட்டான். "போடுடா, பாப்போம்" என்றார் மாமா. மைதானமே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எமது பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "கருங்காலிக்கெல்லாம் எதுக்குடா பெனல்டி?"

அவன் உதைக்கவில்லை. பந்தை விட்டுவிட்டுக் கூட்டத்தை நோக்கி நடந்தான். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்: கல், கட்டை, மூன்று பேருக்குத் தையல், இரவு இரண்டு பிரிவிலும் பொலிஸ்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 டிசம்பரில் நாட்சம்பளம் 1,000 ரூபா கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. அடிப்படைச் சம்பளம் அப்போது 500 ரூபா. எமது தோட்டத்தில் இரண்டாம் நாள் காலை மேற்பிரிவுப் பெரட்டில் "கீழ்ப்பிரிவு மலைக்கு இறங்கிவிட்டது, நீங்கள் மட்டும் ஏன் பெயரை இழக்கிறீர்கள்?" என்று சொல்லப்பட்டது. சிலர் இறங்கினார்கள். அதே காலை, அதே வசனம், பிரிவின் பெயரை மட்டும் மாற்றி எமது பெரட்டிலும் சொல்லப்பட்டது. எமது பிரிவிலிருந்தும் தொழிற்சாலைக்குப் போனவர்கள் உண்டு. அதை யாரும் மைதானத்தில் கத்துவதில்லை. இரண்டு பிரிவுக்கும் இடையே ஓர் ஓடைதான். கையில் போன் இருந்தும் எந்தத் தலைவரும் மறுபக்கத்துத் தலைவரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. காரணம், அந்த வருடத் தீபாவளி ஆட்டமும் சண்டையில்தான் முடிந்திருந்தது. பேச்சுவார்த்தை இல்லை.

ஆகவே போட்டியை நிறுத்தச் சொல்கிறவர்கள் வெறுமனே பயந்து பேசவில்லை. பந்தினால் வந்த பகை ஒரு போராட்டத்தையே உடைத்தது என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் நிறுத்தினால் பகை போய்விடுமா? 2019இலும் அடுத்த வருடங்களிலும் ஆட்டம் நடக்கவில்லை. அப்போதும் ஓடையைத் தாண்டி வந்து யாரும் பேசவில்லை. அந்தச் சொல் மட்டும் வளர்ந்தது. 2018இல் அந்தப் பையன் எமது வகுப்பில் ஐந்தாம் ஆண்டு படித்தவன். புலமைப்பரிசில் வினாத்தாளைத் தவிர அவன் எதையும் கண்டதில்லை. அவனைப் பார்த்துத்தான் கருங்காலி என்கிறோம்.

இது எமது தோட்டத்து நோய் மட்டுமல்ல. எமது தேயிலைப் பெட்டிகள் போய் இறங்கிய லண்டன் துறைமுகத்துப் பக்கம் இரண்டு அணிகள் உண்டு. ஒன்று மில்வால். 1885இல் ஒரு உணவு பதனிடும் தொழிற்சாலையின் தொழிலாளர் தொடங்கியது. மற்றது 1895இல் ஒரு கப்பல் கட்டும் கம்பனியின் தொழிலாளர் அணியாகத் தொடங்கி, 1900இல் வெஸ்ட் ஹாம் யுனைட்டட் என்று பெயர் மாறியது. இரண்டு பக்கமும் துறைமுகக் கூலிகளின் குடும்பங்கள். 1889இல் மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டு லண்டன் துறைமுகமே வேலைநிறுத்தம் செய்து வென்றது. இருந்தும் இந்த இரண்டு அணியின் இரசிகர்களும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. 1926 பொது வேலைநிறுத்தத்தில் மில்வால் பக்கத்தார் வேலைக்குப் போனார்கள் என்று ஒரு கதை அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. கதை மட்டும் நூறு வருடமாக உயிரோடு இருக்கிறது.

மைதானத்துக்கு வருவோம். துரைமார் தங்களுக்குள் போட்டி போட டிக்கோயாப் பக்கத்தில் தரவளையிலும், திம்புளைப் பக்கத்தில் ராதல்லையிலும் புல் வளர்த்த மைதானங்கள் வைத்திருந்தார்கள். டிக்கோயாவும் திம்புளையும் மோதுவது அவர்களுக்குப் பெரிய விழா. அந்த மைதானங்களைச் சண்டைக்குப் பயந்து யாரும் பூட்டவில்லை. எமக்கு இருப்பது தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரே ஒரு சமதரை. பாடசாலைக்கென்று தனி மைதானம் கிடையாது. இல்ல விளையாட்டுப் போட்டியும் அங்கேதான், கோயில் திருவிழாக் கூத்தும் அங்கேதான். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போன பிறகு பிள்ளை மடுவமும் மைதானமும் யார் பொறுப்பு என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். இப்போது ஒரு சண்டையைச் சாட்டாக வைத்துப் பூட்டிவிட்டால், திரும்பத் திறக்க எத்தனை மகஜர் எழுத வேண்டியிருக்கும் என்பது சங்க வேலை செய்கிற எமக்குத் தெரியும்.

ஆட்டம் நடக்க வேண்டும். ஆனால் இப்படி அல்ல. மேற்பிரிவுச் சட்டையின் முதுகில் ஒரு சங்கத்தின் பெயர், கீழ்ப்பிரிவுச் சட்டையில் இன்னொரு சங்கத்தின் பெயர். எமது சங்கம் கொடுத்த சட்டையும் இதில் சேர்த்தி. தேர்தல் வந்தால் முகமும் சேரும். சட்டை இலவசம் என்று வாங்கி, மற்றவர்களின் சண்டையை முதுகில் போட்டுக்கொண்டு ஓடுகிறோம். வீட்டுக்கு ஐம்பது ரூபா போட்டால் பெயரில்லாத சட்டை இரண்டு நிறத்தில் தைக்கலாம். மத்தியஸ்தராகத் தோட்டத்து உத்தியோகத்தரை நிறுத்துவதும் போதும். அன்று நின்ற மனிதர் பாவம், விசில் ஊதுவதற்கு முன் இரண்டு பக்க முகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. வெளிப் பாடசாலையிலிருந்து உடற்கல்வி ஆசிரியர் ஒருவரைக் கூப்பிடலாம், வரத் தயாராக இருக்கிறார்கள்.

மைதானத்தைக் கேட்கும் கடிதத்தில் இரண்டு பிரிவுத் தலைவர்களும், மாதர் சங்கத் தலைவிகளும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தனித்தனியாகக் கொடுத்தால் கந்தோரில் என்ன நடக்கும் என்பதை 2018 காட்டியிருக்கிறது.

தைப்பொங்கலுக்குப் பையன்கள் மறுபடி வருவார்கள். புதிய ஆட்டம் வேண்டாம், பழைய ஆட்டத்தை முடிப்போம். ஒன்றுக்கு ஒன்று, எட்டு நிமிடம் பாக்கி, பந்து பெனல்டிப் புள்ளியில். அதே பையன் உதைக்கட்டும், அதே மாமா நிற்கட்டும். கீழ்ப்பிரிவு அந்தப் பெனல்டியை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எமது ஆட்களிடமும் சொல்லிவிட்டோம். அது தோள்தான் என்றாலும்.