மாடல் புரிஞ்சுக்குமாம்

ஏஐ ஏஜென்ட் தானாவே மெயிலுக்குப் பதில் போடுறதுக்கு ஒரு டூல் கட்டியிருக்காங்க. அதுக்கு டாக்குமென்டேஷன் எழுதித் தர்றது என் வேலை. டீம்ல இருந்து எனக்கு வந்த குறிப்பு என்ன தெரியுமா? "மெயிலுக்குப் பதில் அனுப்பும்." அவ்வளவுதான். உள்ளே கொடுக்க வேண்டிய விவரம் ரெண்டு: எந்த மெயில், என்ன பதில். "சின்ன டூல்தானே மேடம், அரை மணி நேரத்துல முடிச்சுடலாம்"ங்கிறாங்க.

முடிச்சுடலாமா? சரி, அந்தப் பதில் யாருக்குப் போகும்? ஃப்ரம் வரியில ஒரு முகவரி இருக்கும், ரிப்ளை-டு வரியில வேற ஒண்ணு இருக்கலாம். ரெண்டுல எது? சிசியில இருக்கிறவங்களுக்கும் போகுமா? பழைய மெயில் கீழே ஒட்டிக்கிட்டு வருமா? எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "அதெல்லாம் மாடல் புரிஞ்சுக்கும்."

எதை வச்சுங்க புரிஞ்சுக்கும்? ஏஜென்ட் கண்ணுல படுறது டூலோட பேரு, நிரப்ப வேண்டிய கட்டங்கள், கூட நாம எழுதி வைக்கிற விளக்கம். உள்ளே ஓடுற கோடு அதுக்குத் தெரியாது. டூல் விளக்கத்தை விரிவா எழுதுங்க, மத்த எதையும் விட அதுதான் முக்கியம், குறைஞ்சது மூணு நாலு வாக்கியமாவது வேணும்னு ஆந்த்ரோபிக் தன் வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கு. மாடலைச் செஞ்சவங்களே கெஞ்சுறாங்க. இங்கே ஒரு வரி போதுமாம்.

மனுஷன் படிக்கிற டாக்குமென்ட்ல ஏதாவது விட்டுப்போச்சுன்னா, புதுசா சேர்ந்த பையன் சீட்டுக்கு வந்து கேப்பான். ஏஜென்ட் பெரும்பாலும் கேக்காது. விட்டுப்போன இடத்தை அதுவா ஒண்ணை நினைச்சு நிரப்பிக்கும், மெயில் போயிடும். ஜிமெயில்ல நம்ம கையால அனுப்பினா அன்டூ பண்ண அதிகபட்சம் 30 செகண்டாவது உண்டு. இந்த டூல்ல அதுவும் இல்ல.

த்ரெட் விஷயத்தையே எடுத்துக்குங்க. பதில் மெயில்ல இன்-ரிப்ளை-டு, ரெஃபரன்சஸ்னு ரெண்டு ஹெடர் போகணும். எந்த மெயிலுக்குப் பதில் போடுறோமோ அதோட மெசேஜ்-ஐடி அதுல உக்காந்திருக்கணும். மெயில் எப்படி இருக்கணும்னு விதி சொல்ற, 2008-ல வந்த ஆர்எஃப்சி 5322 இதைத் தெளிவா சொல்லுது. ஜிமெயில் ஏபிஐல த்ரெட் ஐடி மட்டும் கொடுத்தா பத்தாது, அந்த ஹெடர்களும் சரியா இருக்கணும், சப்ஜெக்ட்டும் பொருந்தணும். இல்லேன்னா பதில் தனி மெயிலா எங்கேயோ போய் விழும். புகார் கொடுத்துட்டு அந்த த்ரெட்டையே பார்த்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு, பதில் வரவே இல்லைன்னுதான் தோணும். எங்க டூல் இந்த ஹெடரை அதுவே போடுதா, ஏஜென்ட் போடணுமா? டீம்ல ஒருத்தருக்கும் தெரியல. நான் உக்காந்து கோடைப் படிச்சுக் கண்டுபிடிச்சேன். எழுதினவங்களுக்கே தெரியாததை மாடல் எப்படிப் புரிஞ்சுக்கும்?

டைம்அவுட்? சர்வர் பதில் சொல்லத் தாமதமாச்சு, ஆனா மெயில் போயிடுச்சு. ஏஜென்ட் ஃபெயில் ஆச்சுன்னு நினைச்சு மறுபடி கூப்பிடும். அதே மெயில் ரெண்டாவது தடவையும் போகும். ஒரே டூலைத் திரும்பக் கூப்பிட்டா விளைவு கூடுமா கூடாதான்னு சொல்லி வைக்க, ஏஜென்ட்டையும் டூலையும் இணைக்கிற எம்சிபி நெறிமுறையில ஐடெம்பொடன்ட் ஹின்ட்னு ஒரு இடமே ஒதுக்கியிருக்காங்க. எங்க டூல்ல அந்த இடம் காலி.

இன்னொண்ணு. தானியங்கிப் பதிலுக்குத் தானியங்கிப் பதில் போடக்கூடாதுன்னு 2004-லேயே ஆர்எஃப்சி 3834 எழுதியாச்சு. ஆட்டோ-சப்மிட்டட்னு ஒரு ஹெடர் இருக்கு, பார்த்துட்டு ஒதுங்கிடணும். பார்க்கலேன்னா ரெண்டு பக்கமும் ஏஜென்ட் உக்காந்து விடிய விடிய ஒண்ணுக்கொண்ணு நன்றி சொல்லிக்கிட்டே இருக்கும். 2016-ல இங்கிலாந்தோட என்எச்எஸ்ல ஒரு டெஸ்ட் மெயில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் போச்சு. "என்னைப் பட்டியல்ல இருந்து எடுங்க"ன்னு ஆளாளுக்கு ரிப்ளை ஆல் போட்டு, மெயில் சிஸ்டமே திணறிப் போச்சு. அதைப் பண்ணினவங்க மனுஷங்க. அவங்க டைப் அடிக்கவாவது நேரம் எடுத்துக்கிட்டாங்க.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். நீளமாம். விளக்கம் நீண்டா ஒவ்வொரு தடவையும் டோக்கன் செலவாகுமாம். அது நிஜம்தான், நான் மறுக்கல. ஆனா எதை வெட்டினாங்க பாருங்க! "வெளி ஆளுக்குப் போற மெயிலா இருந்தா, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு மனுஷர்கிட்ட ஒப்புதல் வாங்கணும்." இந்த வரியைத்தான். ஏன்? டெமோவுல மெதுவாத் தெரியுதாம்.

எனக்கு வயிறு எரிஞ்சது அங்கேதான். வர்ற மெயிலுக்குள்ளேயே ஏஜென்ட்டுக்குக் கட்டளையை ஒளிச்சு வைக்க முடியும். ப்ராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்னு புரோகிராமர் சைமன் வில்லிசன் அதுக்குப் பேரு வச்சது 2022-ல. 2025-ல மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட்ல எக்கோலீக்னு ஒரு ஓட்டை வெளியே வந்துச்சு. ஒரு மெயில் வந்து சேர்ந்தாலே போதும், யாரும் எதையும் க்ளிக் பண்ணாமலே உள்ளே இருக்கிற தகவலை வெளியே கடத்தலாம்னு ஆராய்ச்சியாளர்கள் காட்டினாங்க. டாக்குமென்ட்ல நான் என்ன எழுதினாலும் அதைத் தடுத்துட முடியாது. யாருக்கு அனுப்பலாம்ங்கிற பட்டியல், ஒப்புதல் பட்டன் எல்லாம் டூலுக்குள்ள கட்டியிருக்கணும். கோடுல செய்ய வேண்டியதை "டாக்குமென்ட்ல போட்டுக்கலாம்"னு தள்ளுறாங்க. டாக்குமென்ட்ல போட்டா "மாடல் புரிஞ்சுக்கும்"னு வெட்டுறாங்க. அப்போ யார்தான் பொறுப்பு? கடைசியில மெயில் போகப் போறது ஏதோ ஒரு வாடிக்கையாளர் பேருக்கு, ஏதோ ஒரு கம்பெனி கையெழுத்தோட.

இப்போ என் கேள்வி பிசிசி பத்தி. பிசிசியில ரகசியமா வந்த மெயிலுக்கு ஏஜென்ட் ரிப்ளை ஆல் போட்டா, ரகசியமா சேர்க்கப்பட்டவர் யாருன்னு டூ வரியில இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிஞ்சுடும். வேலையே போகக்கூடிய விஷயம்ங்க இது. டூல் இதைத் தடுக்குமா தடுக்காதான்னு டிக்கெட் போட்டேன். ப்ரையாரிட்டி 'லோ'ன்னு மாத்தி வச்சிருக்காங்க. நான் 'ஹை'ன்னு திருத்தியிருக்கேன். பதில் வர்ற வரைக்கும் அந்தப் பக்கத்தை பப்ளிஷ் பண்ண மாட்டேன்னும் எழுதிட்டேன்.