ஆறு வாரத்தில் நுழைவுத் தேர்வு

பணி ஓய்வு பெற்ற பிறகும் ஆண்டுதோறும் ஜனவரி இறுதியில் எனக்குச் சில தொலைபேசி அழைப்புகள் வருவதுண்டு. அழைப்பவர்கள் பெரும்பாலும் அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலை மூன்றாம் ஆண்டு பயிலும் பொருளியல் மாணவர்கள். "நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டேன் ஐயா, ஆறு வாரம்தான் இருக்கிறது. எழுதலாமா, விட்டுவிடலாமா?" என்பதே அவர்களது கேள்வி.

இந்த நெருக்கடிக்கு மாணவர்களின் மெத்தனத்தை மட்டும் காரணமாகக் கூறுவது நியாயமாகாது. மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுநிலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வு (க்யூட்-பிஜி) 2022-இல் அறிமுகமானபோது செப்டம்பரில் நடந்தது. 2023-இல் ஜூனுக்கு வந்தது. 2024 முதல் மார்ச்சில் நடத்தப்படுகிறது. பட்டப்படிப்பை முடித்துவிட்டு எழுதிய தேர்வு, இப்போது ஆறாம் பருவத்தின் நடுவே வந்து நிற்கிறது. அகமதிப்பீட்டுத் தேர்வுகளும் பல்கலைக்கழகத் தேர்வுக்கான ஆயத்தமும் அதே வாரங்களில்தான் வருகின்றன. ஆகவே, குறுகிய காலத் திட்டம் என்பது பலருக்கும் விருப்பத் தேர்வு அல்ல, கட்டாயம்.

எழுதலாமா என்ற கேள்விக்கு நான் கூறும் பதில், எழுதலாம் என்பதே. ஆனால், எதைப் படிப்பது என்பதைவிட எதை விடுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

கல்லூரி நாள்களில் மூன்று மணி நேரம், சனி, ஞாயிறுகளில் தலா ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 27 மணி நேரம் கிடைக்கும். ஆறு வாரத்துக்கு 162 மணி நேரம். மாணவரின் மொத்த மூலதனம் இவ்வளவுதான். மூன்றாண்டுப் பாடத்தை இதற்குள் முதல் பக்கத்திலிருந்து மீண்டும் படிக்க முற்படுபவர், பாதி வழியில் தேர்வு நாளைச் சந்திப்பார்.

எனவே, முதல் நாளில் பாடநூலைத் திறக்க வேண்டாம். முந்தைய ஆண்டு வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுத வேண்டும். 2025-ஆம் ஆண்டின் முறைப்படி 90 நிமிடத்தில் 75 வினாக்கள். ஒரு வினாவுக்கு 72 விநாடிகள். மதிப்பெண்ணைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. நன்கு தெரிந்தவை, அரைகுறையாகத் தெரிந்தவை, அறவே தெரியாதவை என்று பாடப் பகுதிகளை மூன்றாகப் பிரிப்பதே இதன் நோக்கம்.

ஜெர்மானியப் பொருளியலாளர் ஹெர்மன் கோசன் 1854-இல் வகுத்த சம இறுதிநிலைப் பயன்பாட்டு விதி இங்கே கைகொடுக்கும். கடைசியாகச் செலவிடும் ஒரு மணி நேரம் எங்கே அதிகப் பலன் தருமோ, அங்கே நேரத்தை நகர்த்த வேண்டும். நன்கு தெரிந்த பகுதியில் மேலும் ஐந்து மணி நேரம் செலவிடுவது மனத்துக்கு இதமளிக்கும்; மதிப்பெண் கூடாது. அறவே தெரியாத பகுதியோ நேரத்தை விழுங்கிவிட்டுக் கைவிரிக்கும். அரைகுறையாகத் தெரிந்த பகுதியில்தான் விளைச்சல் அதிகம். நேரத்தில் பாதியை அதற்கு ஒதுக்கலாம்.

வாரம் ஒரு மாதிரித் தேர்வு கட்டாயம். எழுத ஒன்றரை மணி நேரம், தவறுகளை ஆராய மூன்று மணி நேரம் என ஆறு தேர்வுகளுக்கு 27 மணி நேரம் ஆகும். மொத்த நேரத்தில் ஆறில் ஒரு பங்கு. இது வீண் செலவு அல்ல. படித்ததையே திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் நின்றதை, அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் நடத்திய ஆய்வு காட்டியது. கடைசி வாரத்தில் புதிய பாடம் எதையும் தொடக்கூடாது.

சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறைப்பு. நான்கு விடைகளில் இரண்டு தவறானவை என்று உறுதியாகத் தெரிந்தால், எஞ்சிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் சராசரியாக ஒன்றரை மதிப்பெண் லாபம். எதுவுமே தெரியாமல் குறித்தால் கிடைப்பது சராசரியாகக் கால் மதிப்பெண்தான். அதற்காக 72 விநாடிகளை இழக்கக்கூடாது. குறைப்புக்கு அஞ்சி, பாதி தெரிந்த வினாக்களையும் விட்டுவிடும் மாணவர்கள் பலரை நான் கண்டிருக்கிறேன்.

தமிழ் வழியில் பயின்றவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. மொழிப் பாடங்கள் போன்ற சில நீங்கலாக, வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைகின்றன. 'தேவை நெகிழ்ச்சி'யை வரைபடத்துடன் விளக்கக்கூடிய மாணவர், 'எலாஸ்டிசிட்டி' என்ற சொல்லைக் கண்டு தயங்கி நின்றுவிடுகிறார். அவருக்குத் தெரியாதது பொருளியல் அல்ல, ஒரு சொல். நாளொன்றுக்கு எட்டுக் கலைச்சொற்கள் வீதம் இரு மொழியிலும் எழுதிப் பழகினால், ஆறு வாரத்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள் வசப்படும்.

இவையெல்லாம் மாணவர் செய்யக்கூடியவை. ஆனால், மாலையில் பகுதிநேர வேலைக்குச் செல்லும் மாணவருக்கு நான் மேலே கூறிய மூன்று மணி நேரமே கிடைக்காது. வசதியுள்ளவர் பயிற்சி மையத்தில் ஓராண்டை விலைக்கு வாங்கும்போது, இவர் ஆறு வாரத்தையும் துண்டு துண்டாகத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியைக் கல்லூரிகள் ஓரளவேனும் குறைக்க இயலும். பிப்ரவரியில் அகமதிப்பீட்டுத் தேர்வுகளை நெருக்கிவைக்காமல் இருக்கலாம். நூலகத்தை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கலாம். பழைய வினாத்தாள்களை அச்சிட்டு வைக்கலாம். வாரம் ஒரு மாதிரித் தேர்வைத் துறையே நடத்தலாம். இவற்றுக்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

தேசியத் தேர்வு முகமையும், இறுதிப் பருவத் தேர்வுகள் முடிந்த பிறகு நுழைவுத் தேர்வை நடத்துவது குறித்துப் பரிசீலிக்க வேண்டும். அதுவரை, ஜனவரியில் ஒரு மாணவர் "எழுதலாமா?" என்று கேட்டால், "எழுது" என்று சொல்வதோடு, முதல் மாதிரித் தேர்வுக்கான வினாத்தாளை அவர் கையில் கொடுப்பதும் ஆசிரியரின் கடமையாகும்.